ஓடுகிற பெண்ணைப் பார்த்து "நீ பெண்தானா?" என்று கேட்கலாமா?

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். பெருமுக்கல்லில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய், தன் 15 வயது மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் நல்ல உயரம், ஒல்லியான தேகம். மேல்மலையனூருக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்ட முடி அப்போதுதான் காது வரை வளர்ந்திருந்தது. உள்ளே வந்ததிலிருந்து தலை நிமிரவில்லை.

"என்னம்மா, காய்ச்சலா?" என்றேன்.

தாய் பதில் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் மெள்ள ஆரம்பித்தார். "ஓட்டத்துல கெட்டி சார் இவ. குறுவட்டத்துல ரெண்டு கப்பு வாங்கினா. அடுத்தது மாவட்டப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கயும் மொத ஆளா வந்துட்டா. கூட ஓடுன புள்ளைங்களோட ஆளுங்க, 'இது பொண்ணே இல்ல, பையன். டெஸ்ட்டு எடுங்க'ன்னு சத்தம் போட்டிருக்காங்க. இன்னும் இவ பெரிய மனுஷியும் ஆகல. அது ஊருக்கே தெரியும். அவங்கப்பா செல்லுல ஏதோ பாத்துட்டு, இப்பல்லாம் சட்டமே போட்டுட்டாங்க, ஆம்பள மாதிரி இருந்தா ஓட உடமாட்டாங்க, நீ இனிமே ஓட வேணாம்னுட்டாரு. ஒரு வாரமா பள்ளிக்கூடமும் போகல சார்."

ஜெயித்துவிட்டு வந்த பெண்ணை வீட்டில் குற்றவாளி மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள்! இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் காலைதான். அந்தத் தகப்பனார் சொன்ன சட்டம் எது? அது நம் ஊரில் இருக்கிறதா? உடம்பைப் பற்றி மருத்துவம் என்ன சொல்கிறது? பெண் பிள்ளைகளை விளையாட அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தேவையான விஷயம் என்பதால், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம்மில் பலர் இரண்டு வேறு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

பிறந்தபோது ஆண் குழந்தை என்று பதிவானவர், மனதளவில் தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்ந்தால் அவர் திருநங்கை. பெண்ணாகப் பதிவாகி, ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி. இது நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில், மனநோய்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்து இதை எடுத்துவிட்டார்கள்.

ஊடுபால் என்பது வேறு. குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு, வெளியுறுப்பு இவற்றில் ஏதோ ஒன்று வழக்கமான ஆண், பெண் அமைப்பிலிருந்து மாறி இருப்பது அது. இது பிறவியிலேயே வருவது. இப்படிப் பிறந்த பல பெண்கள் பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே வாழ்பவர்கள். பலருக்குத் தங்கள் உடம்பில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்குத் திருநங்கைகள் புதியவர்கள் அல்ல. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து வந்து கூடுகிறார்கள். (அந்த ஊர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.) நம் பழைய நூல்களும் அவர்களை மறைக்கவில்லை. தொல்காப்பியம் அவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. திருமந்திரத்தில் கர்ப்பக்கிரியை சொல்லும் பகுதியில், திருமூலர் ஆண், பெண் இரண்டோடு மூன்றாவதையும் சேர்த்தே பேசுகிறார். அவர் அன்று பயன்படுத்திய சொல்லை இன்று நாம் பயன்படுத்தக் கூடாது, அது மனதைப் புண்படுத்தும். ஆனால் இயற்கை இரண்டே அச்சில் வார்ப்பதில்லை என்பது சித்தர்களுக்குத் தெரிந்திருந்தது.

கருவறையில் என்ன நடக்கிறது?

தாயின் வயிற்றில் முதல் ஆறு வாரம் வரை எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குப் பிறகு, ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு வேலை செய்தால் விதைப்பை உருவாகும். அது இல்லாவிட்டால் சினைப்பை உருவாகும். இந்த மரபணுவை 1990-ல்தான் கண்டுபிடித்தார்கள். விதைப்பை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பை ஆண் உடம்பாக வளர்க்கிறது.

'அப்படியானால் ஒய் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண், கதை முடிந்தது' என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மதகு திறக்கவில்லை என்று வையுங்கள். வயல் நனையுமா? அது போல, சிலருக்கு ஒய் குரோமோசோம் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும். ஆனால் அதை உள்வாங்கிக்கொள்ளும் சக்தி உடம்பின் திசுக்களுக்கு இருக்காது. இதை ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்பார்கள். முழுமையாக இப்படி இருந்தால், குழந்தை பெண் குழந்தையாகவே பிறக்கும், பெண்ணாகவே வளரும், மார்பு வளர்ச்சியும் இருக்கும். கர்ப்பப்பை மட்டும் இருக்காது. மாத விலக்கு வராது. வேறு பெரிய வித்தியாசம் எதுவும் வெளியில் தெரியாது.

இதற்கு நேர்மாறாகவும் உண்டு. இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ள பெண் குழந்தைக்கு அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு இருந்தால், ஆண் ஹார்மோன் அதிகம் சுரக்கும். பிறப்புறுப்பு சற்று மாறித் தெரியலாம். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கும் இந்த ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். மீசை அரும்புகிறதே என்று என்னிடம் வரும் கல்லூரிப் பெண்களில் பலருக்கு இதுதான் காரணம்.

ஆகவே, ஒருத்தியின் உயரம், குரல், முடி, மார்பு இவற்றைப் பார்த்து மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வைத்தியனான எனக்கே முடியாது!

பூப்புக்கு முன், பூப்புக்குப் பின்

'அப்படியானால் பெண்களுக்குத் தனிப் போட்டி எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பத்து வயதுப் பையனையும் பத்து வயதுப் பெண்ணையும் ஓட விட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது. பல ஊர்களில் பெண்ணே ஜெயிப்பாள். பருவ வயது வந்ததும் கதை மாறுகிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறி, வயது வந்தபின் பெண்ணுக்கு இருப்பதைப் போல சுமார் 15 மடங்கு அளவுக்கு வருகிறது. எலும்பு நீளமாகிறது, தசை கூடுகிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறுகிறது. அதனால்தான் உலகத் தரத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே 10 முதல் 12 சதவிகித வித்தியாசம் இருக்கிறது. தனிப் போட்டி இல்லையென்றால் பி.டி. உஷாவின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

ஆணாகப் பருவம் கடந்த ஒருவர், பிறகு திருநங்கையாக மாறி ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் என்ன ஆகும்? ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை மெதுவாகத்தான் குறைகிறது. எலும்பின் நீளம் குறையாது. அமெரிக்க விமானப் படையில் பணிபுரிந்தவர்களின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு வருட சிகிச்சைக்குப் பிறகு தண்டால் போன்ற பயிற்சிகளில் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனால் ஒன்றரை மைல் ஓட்டத்தில் திருநங்கைகள் மற்றப் பெண்களைவிட 12 சதவிகிதம் வேகமாகவே இருந்தார்கள். அவர்கள் தேர்ந்த விளையாட்டு வீரர்கள் அல்ல என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஆகவே, பெண்களுக்கான போட்டியில் நியாயம் வேண்டும் என்று கேட்பவர்களை வெறுப்பாளர்கள் என்று தள்ளிவிட முடியாது. கடன் வாங்கி ஷூ வாங்கித் தந்து மகளை ஓட விடும் பெற்றோரின் கவலை உண்மையானது. ஆனால், பெரியவர்களின் உலகப் போட்டிக்குச் சொன்ன மருத்துவத்தை ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் மீது ஏற்றுவது மருத்துவமே ஆகாது.

சாந்தியின் வெள்ளிப் பதக்கம்

இந்த விஷயத்தில் நாம் மறக்கக் கூடாத ஒரு பெயர் இருக்கிறது: சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர். செங்கல் சூளைக் கூலித் தொழிலாளர்களின் மகள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். ஊரே கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டம் சில நாட்கள்தான். ஓட்டத்துக்குப் பிறகு அவருக்குப் பாலினப் பரிசோதனை நடத்தினார்கள். அந்த முடிவு ரகசியமாக வைக்கப்படாமல் உலகத்துக்கே செய்தியாகிவிட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது. மேலே சொன்ன ஆண்ட்ரோஜன் ஏற்பின்மைதான் அவருக்கு இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவர் மருந்து எதுவும் தின்று ஏமாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். மனம் உடைந்து 2007-ல் உயிரை விடவும் துணிந்தார், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலிக்கு வேலை செய்யும் படம் பத்திரிகைகளில் வந்தபோதுதான் பலருக்கும் உறைத்தது. பிறகு அவர் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016-ல் தமிழக அரசு அவரைப் பயிற்சியாளராக நியமித்தது.

எட்டு வருடம் கழித்து ஒடிசாவின் துத்தி சந்துக்கும் இதே நிலை வந்தது. 2014-ல் காமன்வெல்த் போட்டிக்குச் சில நாட்கள் முன்பு, டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் பேசாமல் வீட்டுக்குப் போகவில்லை. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் அந்த நீதிமன்றம், இந்த ஹார்மோனால் எவ்வளவு சாதகம் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி விதியையே நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் துத்தி 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கினார்.

மாறிக்கொண்டே இருக்கும் பரிசோதனை

'சரியான டெஸ்ட் ஒன்று வைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததல்லவா?' என்று தோன்றும். அறுபது வருடமாக அதைத்தான் தேடுகிறார்கள்.

1966-ல் புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையில்லாமல் மருத்துவர்கள் முன் நடக்க வைத்தார்கள். அந்த அவமானம் வேண்டாம் என்று 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் பரிசோதனை வந்தது. 1985-ல் அதில் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனியோ மாட்டினார். அவருக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பின்மைதான். போராடி 1988-ல் திரும்பவும் தகுதி பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணு இருந்தது. எட்டுப் பேரையும் பெண்களாகவே விளையாட விட்டார்கள். எல்லாப் பெண்களையும் சோதிக்கும் பழக்கத்தை 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி கைவிட்டது.

பிறகு ஹார்மோன் அளவு வந்தது. 2023 மார்ச்சில் உலக தடகள அமைப்பு, ஆணாகப் பருவம் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள முடியாது என்று முடிவெடுத்தது. அதே வருடம் நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலும் அதே வழியில் போனது. 2025 செப்டம்பர் முதல், உலகத் தரப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்கள் ஆயுளில் ஒரு முறை எஸ்.ஆர்.ஒய். மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலக தடகள அமைப்பு விதி கொண்டுவந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். ஆனால் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சின்க்ளேரே, 'மரபணு இருக்கிறதா என்றுதான் இது சொல்லும், அது வேலை செய்கிறதா என்று சொல்லாது' என்ற பொருளில் எதிர்ப்புத் தெரிவித்தார். ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று காட்டும், மதகு திறந்ததா என்று காட்டாது!

பள்ளிக்கூடத்துக்கு வந்த சட்டம்

அந்தத் தகப்பனார் செல்லில் பார்த்தது அமெரிக்காவின் சட்டமாகத்தான் இருக்க வேண்டும். திருநங்கை மாணவிகள், பெண்கள் பிரிவில் விளையாடக் கூடாது என்று 2020-ல் முதன்முதலாக ஐடஹோ மாநிலம் சட்டம் போட்டது. அடுத்த ஐந்து வருடத்தில் 25-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இப்படிச் சட்டமோ விதியோ கொண்டுவந்தன. 2025 பிப்ரவரியில் அந்நாட்டு அதிபரும் இதே போல ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். வழக்குகள் அங்கே உச்ச நீதிமன்றம் வரை போயின.

ஐடஹோ சட்டத்தில் ஒரு வரியை நாம் கவனிக்க வேண்டும். ஒரு மாணவி பெண்தானா என்று சந்தேகம் கிளம்பினால், உடற்பரிசோதனை, ஹார்மோன் அளவு, மரபணு இவற்றைக் கொண்டு மருத்துவர் உறுதி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். சந்தேகம் யார் மேல் வேண்டுமானாலும் கிளம்பலாம் இல்லையா?

யூட்டா மாநிலத்தில் அதுதான் நடந்தது. 2022 மார்ச்சில் அங்கே சட்டம் வந்தபோது கவர்னர் ஸ்பென்சர் காக்ஸ் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் சொன்ன கணக்கு இது: மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி அளவில் விளையாடும் பிள்ளைகள் 75,000 பேர். அவர்களில் பாலினம் மாறியவர்கள் 4 பேர். பெண்கள் பிரிவில் விளையாடும் திருநங்கை ஒரே ஒருவர்! சட்டசபை அவர் மறுப்பை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே ஒரு போட்டியில் முதலிடம் வந்த மாணவி மீது இரண்டாம், மூன்றாம் இடம் வந்த பிள்ளைகளின் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். பள்ளி விளையாட்டுச் சங்கம் அந்த மாணவியின் பாலர் பள்ளிப் பதிவேடு வரை தோண்டிப் பார்த்தது. அவள் எப்போதும் பெண்ணாகத்தான் பதிவாகி இருந்தாள்.

டெக்ஸாஸில் நடந்தது இன்னொரு விசித்திரம். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் விளையாட வேண்டும் என்பது அங்கே பள்ளி விளையாட்டு விதி. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு திருநம்பி மாணவர், பையன்களோடு மல்யுத்தம் செய்கிறேன் என்று கேட்டும் விடவில்லை. பெண்களோடுதான் மோத வைத்தார்கள். 2017, 2018 இரண்டு வருடமும் அவரே மாநில சாம்பியன்! பெண்களைக் காக்கப் போட்ட விதி, பெண்களுக்கே பாதகமாகப் போயிற்று.

நம் நாட்டில் என்ன சட்டம்?

இந்தியாவில் பள்ளி மாணவிகளுக்கு இப்படித் தடைச் சட்டம் எதுவும் போடப்படவில்லை. இங்கே 2019-ல் இயற்றப்பட்டு, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நேர்மாறான திசையில் பேசியது. அதன் 13-ம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் திருநருக்குக் கல்வியையும், விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் பாகுபாடின்றி மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்றது.

ஆனால் எந்தப் பிரிவில் ஓட விடுவது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அது எழுதப்படாமல் கிடப்பதால், விவகாரம் மைதானத்தில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியரின் தலையில் விழுகிறது. அவர் பாவம், என்ன செய்வார்?

என் கருத்தைக் கேட்டால், மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்து விதி எழுத வேண்டும். பருவ வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்கு எந்தக் கெடுபிடியும் தேவையில்லை. பருவம் வந்தபின் மாநில, தேசிய அளவில் பதக்கம், வேலை, உதவித்தொகை என்று வரும்போது நியாயம் பார்க்க வேண்டும், அதை நிபுணர்கள் ரகசியம் காத்துப் பார்க்க வேண்டும். யாருடைய விளையாட்டு உரிமையும் முழுதாகப் பறிபோகக் கூடாது. 2017-ல் கேரள அரசு திருவனந்தபுரத்தில் திருநர்களுக்கென்றே தடகளப் போட்டி நடத்திக் காட்டியது. மனமிருந்தால் வழி உண்டு.

நான் செய்த தவறு

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் படித்து முடித்து வந்து தொழில் ஆரம்பித்த புதிது. 17 வயதாகியும் பூப்பெய்தாத ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். எள்ளும் கருஞ்சீரகமும் சேர்த்துக் கஷாயம், லேகியம் என்று எட்டு மாதம் கொடுத்தேன். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் அவர்களாகவே புதுச்சேரிக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லை! சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு இப்படி இருக்கும். இல்லாத பைக்கு எட்டு மாதம் மருந்து கொடுத்திருக்கிறேன். அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த வீடு எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். காரணம் தெரியாமல் மருந்து கிடையாது. நீங்களும் உங்கள் வைத்தியரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டாலும், 15 வயதாகியும் மாத விலக்கு வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, தேவைப்பட்டால் குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள். கல்யாணம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை இருந்தால், வயிற்றுக்குள் இருக்கும் விதைப்பையில் வயது ஏற ஏறக் கட்டி வரும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. அதைக் கண்காணிக்க வேண்டும்.

2. பச்சைக் குழந்தையின் பிறப்புறுப்பு தெளிவாக இல்லாமல், முதல் சில வாரங்களில் வாந்தி, சோர்வு, எடை இறக்கம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். மேலே சொன்ன அட்ரினல் கோளாறாக இருந்தால் உப்புச்சத்து இறங்கி உயிருக்கே ஆபத்து.

3. 'இப்போதே ஆபரேஷன் செய்து ஆணோ பெண்ணோ ஆக்கிவிடுங்கள்' என்று கேட்காதீர்கள். உயிர் காக்கும் அவசியம் இல்லாமல் கைக்குழந்தைகளுக்கு இப்படி அறுவை செய்வதற்கு, 2019-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து தமிழக அரசு தடை போட்டது.

4. மகனோ மகளோ தன்னை வேறாக உணர்வதாகச் சொன்னால் அடிக்காதீர்கள். மாற்றிக் காட்டுகிறேன் என்று லேகியம், மந்திரம், ஊசி என்று எவர் வந்தாலும், அவர் என் துறையைச் சேர்ந்தவராகவே இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். இப்படி மாற்ற முயலும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்தது.

5. பள்ளியிலோ மைதானத்திலோ உங்கள் பெண்ணை ஆடை களைந்து பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. அப்படி யாராவது முயன்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மருத்துவச் சான்று தேவை என்றால், உங்கள் முன்னிலையில், பெண் மருத்துவரிடம், பிள்ளையின் சம்மதத்தோடு நடக்கட்டும். முடிவு உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

6. அடுத்த வீட்டுப் பெண் ஜெயித்தால், உங்கள் பெண்ணிடம் 'அது பையன் மாதிரி இருக்கு' என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் நாளை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

நாடி பார்த்தேன். உடம்பு வற்றிப்போயிருந்தது. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னேன். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் இருந்தன. ஹீமோகுளோபின்தான் 12 இருக்க வேண்டிய இடத்தில் 8.9 இருந்தது.

"காலையில என்ன கண்ணு சாப்பிடுவ?" என்று கேட்டேன். டீ என்றாள். அஞ்சு மணிக்கு எழுந்து ஏரிக்கரையில் நாலு கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஒரு டீயோடு பள்ளிக்கூடம்! ஓட்டத்துக்கு வேண்டிய தீனி உடம்புக்குக் கிடைக்காவிட்டால், உடம்பு பூப்பைத் தள்ளிப்போடும். கூழ், முருங்கைக் கீரை, முட்டை, எள்ளுருண்டை, நம்ம ஊர் வேர்க்கடலை என்று எழுதிக் கொடுத்தேன். ரத்தம் ஊற மருந்தும் கொடுத்தேன்.

தாயின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எம்பொண்ணு பொண்ணுதான் சார்!" என்றார்.

"ஏம்மா, ஸ்கேன்ல வேற மாதிரி வந்திருந்தா உங்க பொண்ணு இல்லன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மாசி மாதம் தகப்பனாரே அழைத்து வந்தார். எடை மூன்று கிலோ கூடியிருந்தது. மாத விலக்கு இன்னும் வரவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. "காலையில ஓடுறா சார். சைக்கிள்ல நானும் பின்னாடியே போறேன்" என்றார் அவர்.